இடது குழாயில் ஏழு குடம் தண்ணீர்

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்தே மூட்டம். மழை இல்லை. முழங்கால் வலி வழக்கம்போல.

குளத்து ஆகாயத்தாமரையை அள்ளக் கட்டிய படகு இடப்பக்கம் சாய்கிறது. நேற்று சந்தேகம், இன்று உறுதி. படகு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை: மிதப்பதற்கு இரண்டு நீள இரும்புக் குழாய், மேலே தகரத் தளம், சுற்றிக் கம்பி. வலது குழாய் (இனி வ.கு.) தேங்காய் நெற்று மாதிரி மிதக்கிறது. இடது குழாய் (இ.கு.) முங்குகிறது.

மதியம் டிராக்டரில் கட்டி இழுத்துத் தென்னந்தடி மேல் ஏற்றினோம். இ.கு. பின்பக்க மூடியைத் திருகியதும் கொட்டியது பாருங்கள். உதவிக்கு வந்த சுடலை குடத்தில் பிடித்தார். ஏழு குடம். படகைத் தண்ணீரில் விட்டு அள்ளத் தொடங்கியது ஞாயிற்றுக்கிழமை. இரண்டே நாள்.

செய்ய வேண்டியது:
– ஓட்டையைக் கண்டுபிடிக்க
– அடைக்க
– வயலுக்குத் தண்ணீர் விடும் மடை வாயில் மண்டிக் கிடக்கும் அமலைச் செடியை (ஆகாயத்தாமரைதான்) அள்ள
– எல்லாம் திங்களுக்குள். அன்று அணை திறப்பு. இரண்டு நாளில் கால்வாய்த் தண்ணீர் நம் குளத்துக்கு வந்துவிடும்.
– மோட்டார் பில், சீரகம்

அமலையை அள்ளாவிட்டால் போன வருடக் கதைதான். குளம் நிரம்பிக் கிடந்தது, மடை வாய் அடைத்துக்கொண்டது, தண்ணீர் முழுக்க உபரி நீர் போகும் மறுகாலில் வழிந்து வீணாகப் போனது. கடைமடை நாற்றங்கால் அத்தனையும் கருகியது. சுடலைக்கு அங்கேதான் வயல். விதைத்ததில் ஒரு பிடி தேறவில்லை அவருக்கு. இந்த வருடம் அப்படி விடமாட்டேன் என்று சங்கக் கூட்டத்தில் எழுந்து சொன்னது நான். ஓய்வு பெற்ற கணக்கு டீச்சரைப் பாசன சங்கத் தலைவி ஆக்கினால் வாய் நீளத்தான் செய்யும்.

மண் அள்ளும் இயந்திரத்தின் கை மடைவரை எட்டாது. கேட்டுப் பார்த்தாயிற்று. படகுதான் வழி.

நவம்பர் 5, புதன்

வெயில். சீரகம் மறந்தாச்சு.

படகைக் கட்டிக் கொடுத்த காசிம் பாய் பேட்டையிலிருந்து ஸ்கூட்டரில் வந்தார். குழாயின் வெல்டிங் கோடு முழுவதையும் விரலால் தடவிப் பார்த்தார். ஒரு மணி நேரம். ஒன்றுமில்லை என்றார். ஒன்றுமில்லாமல் ஏழு குடம் எப்படி வரும் என்று கேட்டேன். கரையில் பத்துப் பன்னிரண்டு பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதுதான் வினை. ஆள் பார்க்கும்போது எனக்கு வகுப்பறை நினைப்பு வந்துவிடும்.

"என் வெல்டிங்ல ஓட்ட இருந்தா இன்னையோட தொழில விட்டுருதேன் டீச்சர்."

"தொழில விடுதது உம்ம இஷ்டம் பாய். எங்களத் தண்ணில விட்டுட்டீரே."

'நீங்க' போய் 'நீர்' வந்துவிட்டது என் வாயில். கரையில் சிரிப்பு. அவர் பையை எடுத்தார், கைலியை இறக்கிவிட்டார், போய்விட்டார். அவருக்காக வாங்கி வந்த டீ அங்கேயே ஆறிக் கிடந்தது.

அவர் போனபின் நானும் சுடலையும் வெல்டிங் கோடு நெடுக அடைப்புப் பசை அப்பினோம். விரலெல்லாம் பிசின். இப்போது சாதம் பிசைந்தாலும் அதே வாடை.

சொன்னது சரிதான் என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன். மூன்றாம் தடவையாக.

நவம்பர் 6, வியாழன்

விடிய ஒரு தூறல். பிறகு வெளுத்தது.

காலை 7: படகை இறக்கினோம், காலியாக. 9: இ.கு.வில் ஒரு சொட்டு இல்லை. பசை பிடித்துவிட்டது என்று சுடலைக்குக் கை கொடுத்தேன்.
9.30: நாலு ஆள், அமலை ஒரு குவியல். 10.30: மறுபடி சாய்வு. கரையேற்றித் திறந்தால் நாலு குடம்.

கால் ஓய்ந்துவிட்டது. ஆனாலும் உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டேன் என்று தெரியும்.

மூடியில் சைக்கிள் வால்வைப் பொருத்தி, இ.கு.வுக்குள் காற்றடிக்கச் சொன்னேன். வெல்டிங் கோட்டில் சோப்புத் தண்ணீர் தடவினேன். ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழ் வர வேண்டும். வரவில்லை. காற்று மட்டும் இறங்கிக்கொண்டே இருந்தது. சுடலை பம்பை வைத்துவிட்டுக் குழாயில் காதை ஒட்டிப் பைய நகர்ந்தார். நடுவில் நின்றார்.

"டீச்சர், நம்ம அண்ணாச்சி பேருகிட்ட என்னமோ இரையுது."

அண்ணாச்சி என்றது என் வீட்டுக்காரரை. அவர் போய் இரண்டு வருடம். இ.கு. வெளிப்பக்கத்தில் தகரப் பலகை: 'அமரர் சிவசுப்பிரமணியன் நினைவாக உபயம்.' மாட்டியது நான். சனிக்கிழமை சாயங்காலம், அவருடைய துளைபோடும் மெஷினை வைத்து நானே. கம்பியில் கட்டச் சொன்னார் காசிம் பாய். குழாயில் ஒரு ஆணி கூடக் கூடாது என்றும் சொன்னார். கம்பியில் கட்டினால் அமலை மறைத்துவிடும், கரையிலிருந்து பெயர் தெரியாது என்று எனக்கு. கோயில் டியூப்லைட்டில் உபயம் எழுதி வெளிச்சத்தையே மறைத்த குடும்பமல்லவா.

திருகைக் கழற்றினேன். நாலு திருகு, ஐந்து துளை. முதல் துளை இடம் தப்பிவிட்டது அன்று. பலகை மறைத்துக்கொள்ளும், தண்ணீருக்கு ஒரு சாண் மேலே தானே என்று விட்டிருந்தேன். காலிப் படகில் ஒரு சாண் மேலே. ஆளும் சுமையும் ஏறினால் குழாய் ஒரு சாணுக்கு மேல் இறங்கும். முப்பத்திரண்டு வருடம் மிதத்தல் கணக்கைப் பலகையில் எழுதிப் போட்டவள்.

சுடலை துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், சிரிப்பை மறைக்க. வைதிருந்தால் தேவலை.

வெட்கமாக இருக்கிறது. வேறு சொல் இல்லை. என் வீட்டுக்காரர் இருந்திருந்தால் என் தப்பைச் சொல்லிக் காட்டியிருக்க மாட்டார். பலகையை ஏன் கழற்றினாய் என்றுதான் கோபித்திருப்பார். அந்தக் கோபத்தைக் கேட்க வேண்டும்போல இருக்கிறது.

நவம்பர் 7, வெள்ளி

புழுக்கம். பேட்டைக்குப் பஸ். ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது, அதுவரைக்கும் நல்லது.

போன பிறகுதான் உறைத்தது: வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை நேரம். பட்டறை பாதி ஷட்டர். வெளியே ஸ்டூலில் உட்கார்ந்தேன். என்ன சொல்வதென்று நாலு விதமாக யோசித்தேன். காசிம் பாய் தொப்பியோடு வந்தார். நாலும் மறந்தது. ஓட்டை போட்டது நான்தான் பாய் என்றேன்.

அவர் மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தார். எத்தனை துளை, எந்த மட்டம், உள்ளே தண்ணீர் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டார். மூடியை இரவு முழுக்கத் திறந்து போட்டுக் காயவிடச் சொன்னார். காலையில் வந்து பற்றவைத்துத் தருகிறேன் என்றார். எழுந்து கும்பிட்டேன். அப்போதுதான் சொன்னார்.

"எங்கிட்ட சொல்லிட்டிய, சரி. அங்கன கரையில நின்னவங்க பேட்டையிலயும் வந்து போற ஆளுவதான டீச்சர்."

நியாயம். திரும்பி வரும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன்.

சுடலைக்குப் போன்: புதன்கிழமை கரையில் யார் யார் நின்றார்களோ அத்தனை பேரும் காலையில் வர வேண்டும். எதற்கு என்றார். அமலை அள்ள என்றேன். பாதி உண்மை.

நவம்பர் 8, சனி

மூட்டம், காற்று. மழை வந்தாலும் வரட்டும்.

காசிம் பாய் (இனி கா.பா.) எட்டு மணிக்கு வந்தார். ஜெனரேட்டர், வெல்டிங் கண்ணாடி, எல்லாம் சொந்தமாக. ஐந்து துளைக்கும் மேல் ஒரே தகடாக வைத்துப் பற்றவைத்தார். காற்றடித்து, சோப்பு போட்டு, இந்தத் தடவை குழாய் முழுக்க. குமிழ் இல்லை. கால் மணி நேரம் காத்திருந்தோம். காற்று இறங்கவில்லை.

பதினொரு பேர் வந்திருந்தார்கள். தளத்தில் ஏறி நின்றேன். பாய் வெல்டிங்கில் குற்றம் இல்லை, என் வீட்டுப் பெயர் தெரிய வேண்டுமென்று குழாயில் துளை போட்டது நான், உங்கள் முன்னால் இவரை ஏசியது என் தப்பு என்றேன். யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் மட்டும், நானும் கோயில் மணியில் பேர் வெட்டச் சொல்லி மணி கீறிப் போச்சு என்றார். அதற்குத்தான் சிரித்தார்கள். கா.பா.வும்.

9.40 படகு தண்ணீரில். நாலு ஆள், அமலை, மேலும் அமலை. கையெல்லாம் கறுப்பு வேர். அள்ள அள்ள வந்தது. பத்து நடை. கா.பா. வீட்டுக்குப் போகவில்லை. கைலியை மடித்துக் கட்டி, கரையில் கொட்டியதை வாரி ஒதுக்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு நடைக்கும் இ.கு. மூடியைத் திறந்து பார்த்தேன். உலர்ந்து கிடந்தது.

மதியம் 2.15. மடை வாயில் கடைசிக் கொத்து. போன வருடமே அழுகி இறுகியது. சுடலை படகிலிருந்து குப்புறப் படுத்து, தோள்வரை கையை விட்டுப் பிய்த்தார். சேறு கலங்கியது. கையை எடுக்கவில்லை. என்ன ஆச்சு என்று கேட்டேன். முகத்தைத் தண்ணீரிலிருந்து தூக்கி என்னைப் பார்த்தார்.

"தண்ணி மடைக்குள்ள இழுக்குது டீச்சர். கைய இழுக்குது."