செல்வி அக்காவின் இரண்டு தட்டு

வியாழன், இரவு

எங்கள் குறும்படத்துக்கு நான் செய்த ஹிப்ஹாப் ஆல்பம் நேற்று வெளியானது. மூன்றாவது பாட்டில் உப்பளத்தில் வேலை செய்யும் செல்வி அக்கா மேஸ்திரியைத் திட்டுகிறார். தான் யாரென்று யாருக்கும் தெரியக்கூடாது என்று சொல்லித்தான் பேசினார். பெயரைப் போடவில்லை. குரலையும் ஆம்பளைக் குரலாக மாற்றிவிட்டேன்.

இன்று சாயங்காலம் டீக்கடையில் மேஸ்திரி என்னை நிறுத்தினார். அவர் போனில் அந்தப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"ஏம்பா, இது நம்ம செல்விதானே?"

"இல்லண்ணே, வேற ஆளு."

"குரல விடு. பலகைய ரெண்டு தட்டு தட்டிட்டு இழுக்குது பாரு. அளத்துலயே அவ ஒருத்திதான் அப்படி உப்பு வாருவா."

பாட்டின் பீட்டே அக்கா பலகையால் உப்பு வாரும் சத்தம்தான். அதை மாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மேஸ்திரி போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அக்காவுக்குப் போன் பண்ணிச் சொன்னேன்.

"விடுப்பா. நாளைக்குத் தட்டாம இழுக்கிறேன். அவரு பாக்கட்டும்."

விடிந்தால் அளத்தில் இறங்குவார். இத்தனை வருஷத்துக் கை, ஒரு ராத்திரியில் மறக்குமா?

பாட்டை எடுத்துவிடட்டுமா என்று நான் கேட்கவே இல்லை.