ஸ்டோரில் இருக்கிறான் என்றேன்

அன்புள்ள உங்களுக்கு,

சர்க்கரை மாத்திரையை வேளை தவறாமல் போடுகிறீர்களா? நம் புவனா சரியாகச் சாப்பிடுகிறாளா? நான் நலம்.

மந்தாரக்குப்பம் விருத்தாம்பாளின் மகன் அருண்ராஜ் இறந்த செய்தி அங்கே வந்திருக்கும். இந்த நாட்டுக்கு நம் ராணுவம் அனுப்பிய அமைதிப்படையில் இருந்தான். ஞாயிறுதோறும் என் அறைக்கு வந்து தயிர்சாதம் சாப்பிடுவான். "எங்கம்மா கேட்டா, ஸ்டோர்ல அரிசி மூட்டை எண்ணிக்கினு இருக்கான்னு சொல்லிடுங்க மேடம். ரோந்து போறேன்னு தெரிஞ்சா அது சோறே துன்னாது" என்பான். "உனக்கு எண்ணத் தெரியுமாடா?" என்றால் சிரிப்பான்.

அந்த அம்மா போனில் கேட்டபோது அப்படியே சொன்னேன். லீவு போட்டு வரச் சொல்லட்டுமா என்றார். ஸ்டோரில்தானே இருக்கிறான், பொங்கலுக்கு வரட்டும் என்றேன். "நீங்க படிச்சவங்க, சொன்னா சரிங்க" என்று வைத்துவிட்டார்.

செவ்வாயன்று ரோந்து வண்டி கண்ணிவெடியில் ஏறியது. சனிக்கிழமை உடலோடு வருகிற வீரர்கள் நடந்ததைச் சொல்லிவிடுவார்கள். அதற்கு முன்பே நீங்கள் போய், நான் தெரிந்தே பொய் சொன்னேன் என்று அவரிடம் சொல்லுங்கள். போனில் சொல்ல, உங்களிடம்கூட, எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் லீவில் விருத்தாசலம் வருகிற நர்ஸிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவர் திரும்பும்போது நார்த்தங்காய் ஊறுகாயும் குக்கர் வளையமும் கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்று. ஆபீஸில் உட்கார்ந்து வரைபடம் பார்ப்பதாக உங்களிடம் சொல்லியிருந்தேன். வாரம் மூன்று நாள் குடிநீர்க் கிணறுகளைப் பார்க்க வெளியே போகிறேன். அவன் வண்டி வெடித்த அதே சாலையில்தான். இன்றும் போகவேண்டும், வண்டி வந்துவிட்டது.

வளர்மதி