தேரை பேசாத செவ்வாய்க்கிழமை

சாரம், புதுச்சேரி
20 ஜூலை 1961

அன்பு மாப்பிள்ளை ராஜாங்கம் அவர்களுக்கு, மாமனார் தட்சிணாமூர்த்தி ஆசிகளோடு எழுதுவது.

நேற்று முன்தினம், செவ்வாய்க்கிழமை செய்த சோதனையில் ரஞ்சிதத்தின் உடம்பில் நோயின் அடையாளம் தென்படவில்லை. சிகிச்சை தொடங்கியபின் இப்படி வந்திருப்பது இதுதான் முதல் தடவை. சொன்னவர் கடலூர் சாலை தரும ஆஸ்பத்திரி டாக்டர் கிருஷ்ணசாமி. நான் இரண்டு தரம் கேட்டேன், இரண்டு தரமும் அதையே சொன்னார். காதில் விழுந்ததை எழுதவில்லை. எதிரே உட்கார்ந்து கேட்டதை எழுதுகிறேன்.

என்ன நோய் என்று கேட்பீர்கள். மார்ச்சில் எழுதியபோது, பிரசவ ஆஸ்பத்திரியில் ஏற்பட்ட கோளாறு இன்னும் முழுதாகத் தீரவில்லை என்று மட்டும் எழுதினேன். அதற்கு மேல் எழுதக் கூடாது என்று உங்கள் மனைவியின் உத்தரவு. அல்ஜீரியாவில் துப்பாக்கியோடு நிற்கிறவருக்கு இதுவும் எதற்கு என்றாள். இந்தக் கடிதத்தை அவளைக் கேட்காமல்தான் எழுதுகிறேன்.

நீங்கள் விடுப்பு முடிந்து சென்ற செப்டம்பரில் கப்பலேறினீர்கள். டிசம்பரில் கரு கலைந்துவிட்டதாகத் தந்தி கொடுத்தோம். கலைந்தது குழந்தை அல்ல. முத்துப்பிள்ளை என்று மருத்துவச்சிகள் சொல்வது. கருப்பையில் குழந்தைக்குப் பதிலாக நீர்க்குமிழிகள் திராட்சைக்கொத்துபோல் வளர்ந்துவிடும். அதை எடுத்துவிட்டார்கள். ஆனால் அதில் ஏதோ மிச்சம் தங்கி, புற்றுநோயாக மாறி, நுரையீரல்வரை போய்விட்டது. பிப்ரவரியில் இருமலோடு இரத்தம் வந்தது. எக்ஸ்ரே படத்தில் இரண்டு பக்கமும் வெள்ளைப் பொட்டுகள். படத்தை வெளிச்சத்தில் பிடித்து நானே பார்த்தேன்.

இந்த நோய்க்கு வெளிநாட்டில் சில ஆண்டுகளாக ஒரு மருந்து கொடுத்துப் பார்க்கிறார்கள். டாக்டர் கிருஷ்ணசாமி அதை இங்கே வரவழைத்து, இரண்டு விதமாகக் கொடுத்து ஒப்பிட்டு வருகிறார். ஒரு சாராருக்கு ஐந்து நாள் மாத்திரை, பிறகு ஓய்வு, மறுபடி மாத்திரை. இன்னொரு சாராருக்கு வாரத்துக்கு ஓர் ஊசி. யாருக்கு எது என்று டாக்டர் தேர்ந்தெடுப்பதில்லை. மூடி வைத்த உறைகளில் ஒன்றைப் பிரிப்பார்கள். உள்ளே என்ன எழுதியிருக்கிறதோ அதுதான்.

நான் சண்டைக்குப் போனேன். என் மகளுக்கு நல்லது எதுவோ அதைக் கொடுங்கள், உறை எதற்கு என்று கேட்டேன். “எது நல்லதுன்னு எனக்குத் தெரிஞ்சிருந்தா நான் ஏன் சார் உறை வைக்கிறேன்” என்றார். பத்திரிகைக்காரனாக வாழ்நாளெல்லாம் பெரிய மனிதர்களைக் கேள்வி கேட்டே பிழைத்திருக்கிறேன். நாற்காலியில் இருப்பவர் தனக்குத் தெரியாது என்று சொல்லிக் கேட்டது அபூர்வம். அந்தப் பதிலுக்குப் பிறகு எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது.

சம்மதத்தையும் அவர் என்னிடம் கேட்கவில்லை, ரஞ்சிதத்திடமே கேட்டார். “யாருக்காவது குடுத்துப் பாத்துத்தானே ஆவணும், எனக்கே குடுத்துப் பாருங்க” என்றாள். உறையைப் பிரித்தார்கள். அவளுக்கு மாத்திரை வந்தது.

மாத்திரை நாட்களில் வாயெல்லாம் புண். மோர்ச்சோற்றைக் கரைத்துக் குடிக்கவே அரைமணி ஆகும். தலைமுடி கொட்டிவிட்டது. என் தலையைத்தான் நீங்கள் அறிவீர்கள். “இனிமே நம்ம ரெண்டு பேருக்கும் சீப்பு வாங்குற வேல இல்லப்பா” என்று அவளே கேலி செய்தாள். சிரித்தால் வாய்ப்புண் எரியும் என்று கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

இனி எழுதுவதுதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம். பொறுமையாகப் படிக்க வேண்டும்.

மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. நோயாளியின் சிறுநீரை ஆண் தேரைக்கு ஊசியில் ஏற்றுவார்கள். கருவுற்றிருக்கும் பெண்ணின் உடம்பில் சுரக்கும் ஒரு பொருள் அதில் இருந்தால், சில மணி நேரத்தில் தேரையின் உடம்பில் மாற்றம் தெரியும். ஊரில் கர்ப்பம் உண்டா இல்லையா என்று பார்ப்பதும் இதே தேரையை வைத்துத்தான். இந்த நோயும் அதே பொருளைச் சுரக்கிறது. தேரைக்கு வித்தியாசம் தெரியாது.

சோதனைக்கூடத்து உதவியாளர் கன்னியப்பன். பிரசவப் பகுதிப் பெண்களுக்கு அவர்தான் முடிவு சொல்வார். கர்ப்பம் உறுதியானால், ‘தேரை பேசிடுச்சு’ என்று ஜன்னலிலிருந்து கூப்பிடுவார். அந்தப் பெண் வீட்டார் அவருக்குக் கற்கண்டு கொடுப்பார்கள். நெடுநாள் வழக்கம். புற்றுநோய்ச் சோதனைப் புட்டிகளும் தம்மிடமே வருகின்றன என்பது ஏப்ரலில் அவருக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை.

ஏப்ரல் மாதக் கடைசிச் செவ்வாய்க்கிழமை, தாழ்வாரம் நிறைய ஜனம். கன்னியப்பன் தலையை நீட்டி, “சாரம் ரஞ்சிதம், தேரை பேசிடுச்சும்மா, கற்கண்டு எங்க” என்று சந்தோஷமாகக் கேட்டார். உங்கள் தெரு அமிர்தவல்லி அம்மாள் தன் மருமகளுக்கு முடிவு கேட்க வந்து அங்கே உட்கார்ந்திருந்தார். விளக்கு வைப்பதற்குள் ரெட்டியார்பாளையத்தில் இந்தப் பேச்சு. பிரெஞ்சுப் பட்டாளத்துச் சொல்தா பெண்டாட்டிக்குத் தேரை பேசுதாம், புருஷன் கப்பலேறி எத்தனை மாசம், எண்ணிப் பாருங்கள் என்று.

ரஞ்சிதம் மாத்திரையை நிறுத்திவிட்டாள். அந்தத் தாழ்வாரத்தில் இனி கால் வைக்க மாட்டேன் என்றாள். நான் சொன்னேன், டாக்டர் ஆளனுப்பினார். சுவரோடு பேசியதுபோல் இருந்தது. மூன்று வாரம் அப்படிப் போயிற்று. இருமல் திரும்ப வந்தது. உங்கள் தாயார் செல்வாம்பாள் அம்மாளும் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அதை நான் குறையாக எழுதவில்லை. நோயின் பெயரை நாங்கள் அவருக்கும் சொல்லியிருக்கவில்லை. அவருக்கு எட்டியது தெருவில் பேசியது மட்டும்தான்.

இந்த இடத்தில் வீராம்பட்டினத்து தனக்கொடியைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். தலையில் கூடை சுமந்து மீன் விற்கிறவள். ரஞ்சிதத்துக்கு வந்த அதே நோய், அதே சிகிச்சை. அவள் உறையில் ஊசி வந்தது. புருஷன் போன ஆடியில் கடலில் போனவன் திரும்பவில்லை. அப்போது அவள் வயிற்றில் இருந்ததும் முத்துப்பிள்ளைதான். ரஞ்சிதத்தைக் காணோமே என்று ஆஸ்பத்திரியில் என்னைப் பிடித்துக் கேட்டாள். நடந்ததைச் சொன்னேன். கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

போன இடம் உங்கள் தெரு. பிறகு நடந்ததை எனக்குச் சொன்னவர் உங்கள் தாயார். அவர் சொன்னபடியே தருகிறேன். தனக்கொடி கூடையை உங்கள் வாசலில் இறக்கினாள். “யக்கா, மீனு வேணாம்னா போவட்டும், நான் சொல்றத கேளு. எம் புருஷன கடலு கொண்டும்போயி வருசம் திரும்பப் போவுது. எனக்கும் தேரை பேசுது. தவறாம பேசுது. நான் யாரு வூட்டுல போயி நாயம் கேக்கறது? இது புள்ள இல்லக்கா, நோவு. உம் மருமவளுக்கும் அதே நோவு. நீங்க பேசி முடிக்கறதுக்குள்ள அந்தப் பொண்ணு போயிடும்” என்றாள். பக்கத்து வாசலில் அமிர்தவல்லி அம்மாள் எட்டிப் பார்த்திருக்கிறார். “நீயும் வாம்மா, வந்து நல்லா கேட்டுக்க. அந்தப் பொண்ணோட அப்பாரு பேப்பர்காரருன்னு பேரு, சேதி போடறது நீதான” என்று அவரையும் விடவில்லையாம்.

மறுநாள் காலை உங்கள் தாயார் ரிக்‌ஷாவில் எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கினார். நேரே உள்ளே போனார். துணி சுற்றிய தலையோடு ரஞ்சிதம் எழுந்து நின்றாள். அம்மாள் அந்தத் தலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “கெளம்புடி. மாமியாரோட போற பொண்ண எவ என்னா கேக்கறான்னு பாக்கறேன்” என்றார். அன்றிலிருந்து எல்லாச் செவ்வாய்க்கிழமையும் தாழ்வாரத்து முன்பெஞ்சில், எல்லோருக்கும் தெரியும்படி, மருமகளின் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்கிறார். இதை அவர் உங்களுக்கு எழுதியிருக்க மாட்டார். நான் எழுதுகிறேன்.

மூன்று வாரம் விட்டுப்போனதால் மருந்து மறுப்பார்களோ என்று பயந்தேன். ஒப்பீட்டில் இவளைப் பற்றிய குறிப்பில் அதையும் சேர்த்து எழுதுவோம், வைத்தியம் நிற்காது என்றார் டாக்டர். முடிவுகளை இப்போது அவரே அறைக்குள் அழைத்துச் சொல்கிறார். கன்னியப்பன் ஒருநாள் வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்றார். ரஞ்சிதம் அவருக்குக் காபி கொடுத்தாள்.

இத்தனை பேருக்கு எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. வழக்கமாக நான் இதைச் செய்தியாகப் போட்டிருப்பேன். ஆராய்ச்சி முடிவதற்குமுன் வேண்டாம், மாத்திரைதான் வேண்டுமென்று எல்லோரும் கேட்பார்கள், உறைக்கு ஒருவரும் இணங்க மாட்டார்கள் என்று டாக்டர் கேட்டுக்கொண்டார். அவர் சொன்னது நியாயம். ஆகையால் பத்திரிகையில் ஒரு வரி போடவில்லை.

தனக்கொடிக்குச் செவ்வாய்க்கிழமையும் தேரை பேசியது. அவளுக்கும் அடுத்த வாரம் முதல் மாத்திரை கொடுத்துப் பார்க்கப் போகிறார்கள். “உன்னுது வாய மூடிக்கிச்சா? என்னுது என்ன மாதிரியே, பேசிக்கினே கெடக்குது” என்று ரஞ்சிதத்தின் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள். உங்கள் தாயார் அவள் பெயருக்கும் சேர்த்து மயிலம் முருகனுக்குக் காசு முடிந்து வைத்திருக்கிறார்.

உங்களிடமிருந்து ரஞ்சிதத்துக்கு ஏப்ரலுக்குப் பிறகு கடிதம் இல்லை. ஒரான் முகாமுக்கு யார் என்ன எழுதினார்கள் என்பது எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதுவது என் தொழிலில் வழக்கமில்லை. சண்டை நடக்கிற ஊர், தபால் தவறியிருக்கும் என்று அவளிடம் சொல்லி வருகிறேன். அவளும் ஆமாம் என்கிறாள். தபால்காரர் எங்கள் தெருவுக்குள் வந்தால் கொல்லைப்புறம் போய்விடுகிறாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை போதாது என்கிறார் டாக்டர். தொடர்ந்து மூன்று முறை தேரை பேசாமல் இருக்க வேண்டும். அடுத்த சோதனை ஜூலை 25, அதற்கடுத்தது ஆகஸ்டு 1. நெஞ்சுப்படம் 8ஆம் தேதி. அதைப் பார்த்துத்தான் மாத்திரையை நிறுத்தலாமா என்று சொல்வார். பின்னால் குழந்தை பிறக்குமா என்றும் கேட்டேன். ஒரு வருஷம் போகட்டும், அப்புறம் கேளுங்கள் என்றார். பிறக்காது என்று சொல்லவில்லை.

இந்தக் கடிதம் ஆகஸ்டு முதல் வாரத்தில் உங்கள் கைக்கு வரும் என்று நினைக்கிறேன். எனக்குப் பதில் வேண்டாம். அவளுக்கு எழுதுங்கள். நோயைப் பற்றி எழுத வேண்டியதில்லை, நடந்ததைப் பற்றியும் எழுத வேண்டியதில்லை. அங்கே என்ன சாப்பிடுகிறீர்கள், வெயில் எப்படி என்று எழுதினால்கூடப் போதும். கிடைத்த அன்றே எழுதினால் மாத நடுவில் இங்கே வந்துவிடும்.

நீங்கள் மேலில் ஒரு கீறல் இல்லாமல் ஊர் திரும்ப வேண்டும். திரும்பும்போது கதவைத் திறக்க அவள் இருக்க வேண்டும். இரண்டையும் தனித்தனியாக வேண்டிக்கொள்ள எனக்கு வரவில்லை, மாப்பிள்ளை.

என்றும் உங்கள் நலம் நாடும்,
தட்சிணாமூர்த்தி