அரசனை வெட்டியவளுக்கு

போட்டிக்குக் கொண்டுபோன உடைகளைத் திருப்பி வைக்க, திங்கட்கிழமை காலை பள்ளியின் நாடக அலமாரியைத் திறந்தேன். அந்துருண்டை வாடை முகத்தில் அடித்தது. அடித்தட்டில், நீ அரசிக்காகத் தைத்த நீல மேலாடை மடிப்புக் கலையாமல் கிடந்தது. உன் வீட்டு ஜன்னல் திரைத்துணி அது. இரசாயனம் கற்பிக்க வந்தவள் சொந்த வீட்டுத் திரையைக் கிழித்து நாடகத்துக்கு உடை தைக்கிறாளே என்று ஆசிரியர் அறை முழுக்க அன்று உன்னைப் பற்றியே பேச்சு. நாடகம் என் பொறுப்பு. என் வீட்டிலும் ஜன்னல்கள் இருந்தன. எனக்கு ஏன் அது தோன்றவில்லை என்று இரண்டு நாள் மனம் பொருமியது.

பல வருடங்களுக்கு முன் நடந்த மாநில அளவிலான தமிழ் நாடகப் போட்டி அது. மேடையில் அரை மணி நேரம்தான். நான் தமிழாசிரியை என்பதால் தலைமையாசிரியர் என்னைத்தான் அழைத்தார். நானும் வீம்பாக, பல்கலைக்கழக நாள்களிலிருந்து மனப்பாடமாக இருந்த ஒரு பழைய துன்பியல் நாடகத்தைத் தேர்ந்தெடுத்தேன். கொள்ளைநோய்க்கு அஞ்சி ஓர் அரசன் ஆணையிடுகிறான்: அந்தி சாய்ந்ததும் கோட்டைக் கதவை மூட வேண்டும், விடியும்வரை யாருக்கும் திறக்கக் கூடாது. வேட்டையில் காயம்பட்டுத் தாமதமாகத் திரும்பும் அவனுடைய மகனே வெளியில் மாட்டிக்கொள்கிறான். அரசன் ஆணையை மாற்றவில்லை. மகன் கதவடியில் இறந்துபோகிறான். கடைசியில் அரசியின் நீண்ட ஒப்பாரி. முழுதாக நடித்தால் மூன்று மணி நேரம் ஓடும்.

வாரக்கணக்கில் உட்கார்ந்து சுருக்கினேன். எந்த வரியில் கை வைத்தாலும் அது எனக்கு வேண்டப்பட்ட வரியாக இருந்தது. சூலியா தெருவில், நாம் வழக்கமாகப் போகும் நாசி கண்டார் சோற்றுக் கடையில், அந்தத் தாள்களை உன்னிடம் நீட்டினேன். பாராட்டுவாய் என்றுதான் நீட்டினேன்.

“என்னாடி இது, ஒரு மணி நேரம் ஓடும் போலருக்கே?”

“இதுக்கு மேல வெட்ட முடியாது. எல்லாம் பாத்துட்டேன்.”

நீ கையைக் கழுவிவிட்டு வந்து பேனாவை எடுத்தாய். “ராஜா எதுக்கு?”

“எதுக்கா? கதையே அவனோடதுதான்!”

“அவன் பேசறது பூரா கதவ மூடுனதப் பத்தித்தானே. கதவு மூடுற சத்தம் கேட்டா போதும் லா. ராஜா வேணாம்.”

பக்கம் பக்கமாக அரசனின் மேல் கோடு விழுந்தது. பிறகு ஒப்பாரிக்கு வந்தாய். அதையும் அடித்தாய்.

“ராத்திரி ராணி பிள்ளைக்குச் சாப்பாட்டுத் தட்டு வைக்கிறா. விடிஞ்சதும் அந்தத் தட்ட எடுக்கிறா. அதோட முடிச்சிரு.”

நான் சண்டை போட்டேன். இலக்கியம் தெரியாதவள் என்றுகூடச் சொன்னேன். நீ சிரித்துக்கொண்டே எனக்கும் சேர்த்து இன்னொரு தே தாரிக் தேநீர் சொன்னாய். அன்று பேருந்தில் வீடு திரும்பும்போது, அந்தத் தட்டு என் கண்ணை விட்டுப் போகவில்லை. நீ சொன்னதுதான் சரி. நான் பத்து வருடம் காதலித்த நாடகத்தை நீ ஒரு சாப்பாட்டு நேரத்தில் புரிந்துகொண்டாய். அதை எப்படி மன்னிப்பது?

யோகேஸ்வரியாவது என் பக்கம் நிற்பாள் என்று நம்பினேன். அரசியாக நடிக்கவிருந்தவள்; பதின்மூன்று வயதில் படிவம் ஒன்றில் சேர்ந்ததிலிருந்தே என்னிடம் உச்சரிப்பு பழகிய பெண். அந்த ஒப்பாரியை மூச்சு எங்கே விடுவது என்பது வரைக்கும் நான்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன். ஒப்பாரி இல்லை என்றதும் அழுவாள் என நினைத்தேன். அவளோ உன் பிரதியை வாங்கிப் படித்துவிட்டு நேரே இரசாயனக் கூடத்துக்கு ஓடினாள். நான் பின்னாலேயே போனேன். வாசலில் நிற்கும்போது கேட்டது:

“டீச்சர், தட்ட ஒரு கையால எடுக்கட்டா, ரெண்டு கையாலயா?”

“நீ எடுத்துப் பாரு. கனமா இருக்குற கையால எடு.”

அன்றிலிருந்து அவள் உன் பெண்ணாகிவிட்டாள். எனக்கு அப்படித்தான் தோன்றியது.

செபராங் ஜெயாவில் போட்டி நடந்த அன்று, மேடை ஓரத்தில் வசனம் எடுத்துக்கொடுக்க நான் நின்றேன். எடுத்துக்கொடுக்க ஒன்றும் இல்லை. யோகேஸ்வரி தட்டை எடுத்தபோது மண்டபத்தில் ஓர் இருமல்கூட இல்லை. சிறந்த நாடக எழுத்துக்கான பரிசை அறிவித்து நம் இருவரையும் மேடைக்குக் கூப்பிட்டார்கள். நீ என் முதுகில் கை வைத்துத் தள்ளினாய். “நீ போடி. நீதானே முழுசாப் படிச்சவ. நான் சும்மா கோடு போட்டேன்.” உனக்கு உண்மையிலேயே அந்தப் பரிசு வேண்டியிருக்கவில்லை. வேண்டாம் என்று சொல்லும் அந்தச் சுலபத்தின் மேலும் எனக்குப் பொறாமை. கேடயத்தைக் கையில் வாங்கிய நான் கீழே பார்த்தேன். பிள்ளைகள் உன்னைச் சுற்றி நின்று குதித்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகும் நாம் வருடக்கணக்கில் ஒன்றாகச் சாப்பிட்டோம், ஒன்றாகத் தேர்வுத் தாள் திருத்தினோம். உன் மகள் திருமணத்துக்குத் தேவாலயத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்தேன். உன்னைப் போல எனக்கு இன்னொருத்தி இல்லை. ஆனாலும் பழைய மாணவர்கள் யாராவது வழியில் நிறுத்தி, “அந்தத் தட்டு நாடகம் டீச்சர்... சுகமா இருக்காங்களா?” என்று உன்னைப் பற்றிக் கேட்கும் ஒவ்வொரு முறையும், நலம் என்று சொல்லும் என் வாய் கொஞ்சம் கசந்தது.

உன் நோயைப் பற்றி நீ என்னிடம் முதலில் சொல்லவில்லை. பத்து காவானில் இருந்த உன் வீட்டுக்கு நான் பதறிக்கொண்டு வந்தபோது, கோலாலம்பூரிலிருந்து எனக்கு முன்பே வந்திருந்த யோகேஸ்வரி கட்டிலருகே உட்கார்ந்து கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். என் முகம் மாறியதை நீ பார்த்துவிட்டாய்.

“வாடி, வா. ஒன் பொண்ணு எனக்கு ஊட்டி விடுது பாரு.”

என் பெண் என்றாய். அத்தனை வருடமும் நீ அவளை அப்படித்தான் நினைத்திருந்தாய் போலும். கட்டிலின் மறுபுறம் உட்கார்ந்தேன். நீ தொடர்ந்தாய்.

“அந்த நாடகத்த மறுபடி போடு. இந்த வாட்டி நீயே வெட்டு.”

“நீ வெட்டுனதுதான் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு.”

“அதனாலதான் சொல்றேன். எனக்கே சலிச்சுப்போச்சு லா.”

நாம் பேசிய கடைசி முழுப் பேச்சு அதுதான். அடுத்த முறை வந்தபோது நீ தூக்கத்தில் இருந்தாய். அதற்கடுத்த முறை தேவாலயத்தில்.

இந்த வருடம் போட்டேன். உன்னை மிஞ்ச வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன், அதை உன்னிடம் மறைப்பானேன். அரசனைத் திரும்பக் கொண்டுவந்தேன். மகன் இறந்த செய்தியை, மதில்மேலிருந்து பார்த்துவிட்டு வந்த தூதன் சொல்கிறான். அரசன் உடைந்துபோய், “கதவைத் திறங்கள்” என்கிறான். ஒருவரும் அசையவில்லை. ஒரு காவலன் மட்டும் தலை குனிந்து, “இன்னும் விடியவில்லை, அரசே” என்கிறான். மூலத்தில் அது நடுவில் எங்கோ கிடக்கும் வரி. நான் அங்கேயே திரையைப் போட்டேன். அதற்குப் பின் வரும் ஒப்பாரி, தட்டு எல்லாம் போயிற்று.

மண்டபம் அசையவில்லை. உன் தட்டுக்கு வந்த அதே அமைதி, இல்லை, அதைவிட நீண்டது. நான் சட்டென்று பக்கத்து இருக்கையைத் திரும்பிப் பார்த்தேன். உன் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. ஒரே ஒரு முறை, நீ என்மேல் பொறாமைப்படுவதை. அங்கே யாரோ ஒரு மாணவனின் தாயார் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் பரிசுதான் கிடைத்தது. பார்க்க வந்திருந்த யோகேஸ்வரி என் கையைப் பிடித்துக்கொண்டு, “அவங்க இருந்திருக்கணும் டீச்சர்” என்றாள். என் நாளில்கூட உன் பேச்சா என்று ஒரு கணம் சுருக்கென்றது. பிறகு நானும் தலையாட்டினேன்.

போட்டி முடிந்து நம் தீவுக்குத் திரும்பும்போது கடற்பாலத்தில் நெரிசல். காரில் தனியாக இருந்தேன். நீ என்ன சொல்லியிருப்பாய் என்று யோசித்தேன். யோசிக்கும் முன்பே உன் குரல் வந்துவிட்டது: “நல்லாத்தான் இருந்துச்சு. தூதன் மட்டும் ரெண்டு வரி கூடப் பேசிட்டான்.”

“ஒரு எழுத்துகூட அதிகமில்ல” என்று வாய்விட்டே சொன்னேன்.

ஞாயிறு காலை கோப்பியோடு பிரதியை எடுத்து உட்கார்ந்தேன். இளவரசன் இறந்துவிட்டான் என்று சொன்ன பிறகும், அவன் முகம் எப்படி இருந்தது என்று தூதன் சொல்லிக்கொண்டு நிற்கிறான். சரியாக இரண்டு வரி. போட்டி முடிந்துவிட்டது, இனி அதை யாரும் நடிக்கப்போவதில்லை. இருந்தும் பேனாவை எடுத்து இரண்டையும் அடித்தேன். அடித்துவிட்டு முதலிலிருந்து வாசித்தேன்.

நீ சொன்னதுதான் சரி. இல்லாதபோதும் என்னைவிட நன்றாக வெட்டுகிறாய்.