திங்கட்கிழமை விமானம்

26-2-2007, திங்கள்
ஆசிரமத்துப் பக்கம் டிராவல்ஸ் வைத்து வெள்ளைக்காரர்களுக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்த வரைக்கும் இனியனுக்குப் புத்தி சரியாகத்தான் இருந்தது. இப்போது அந்தமானுக்கு ஆட்களைக் கூட்டிப்போய்க் கடலுக்கடியில் முங்க வைக்கப் போகிறானாம். அதற்கு முன்னால் அவனும் ஓவியாவும் போய்ப் பழக வேண்டுமாம். கல்யாணமாகி நாலு வருஷம், தொட்டில் கட்ட வழியில்லை, மருமகள் மீன் பார்க்கப் போகிறாள். நல்ல குடும்பம்.

28-2, புதன்
எந்த விமானம் என்று ராத்திரி முழுக்கப் பேச்சு. புதுக் கம்பெனி மலிவு. ஆனால் பெட்டி எடை கம்மியாகத்தான் விடுவார்கள், முங்குகிற சாமானோ ஜாஸ்தி கனம். மதியம் போய் இறங்குகிற விமானமும் உதவாது, தீவுக்குப் போகிற கப்பல் கிளம்பிவிடும். "காலைல எறங்கணும், சாமானும் போகணும். ரெண்டுக்கும் பழைய கம்பெனிதான்மா" என்றான். அவன் முடிப்பதற்குள் இவள் தலையாட்டினாள்.

போகும் நேரம் பார்த்தேன், குற்றமில்லை. திரும்புவது 12ஆம் தேதி, திங்கட்கிழமை காலை எட்டு மணி. சுத்தமான ராகு காலம்.

1-3, வியாழன்
கடைக்கு வரும் நம் ஊர் ஆட்களுக்கு ராகு காலம் தள்ளித்தானே டிக்கெட் போடுகிறான்? நேரம் குறித்துக் கொடுப்பது யார்? நான். ரேணுகாம்பாள் அம்மா சொன்னால் சரியாக இருக்கும் என்று செங்கத்திலிருந்தெல்லாம் வருகிறார்கள். பெற்ற பிள்ளை மட்டும் ராகு காலத்தில் ஏறுவானாம்.

புதுக் கம்பெனிக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு விமானம் இருக்கிறதே, அதில் வா என்றேன்.

"முடியாதும்மா. சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும் தண்ணிக்குள்ள இருப்போம். அப்புறம் ஒரு நாள் முழுசா தரையில இருந்துட்டுத்தான் ஃப்ளைட் ஏறணும். இல்லன்னா ரத்தத்துல காத்து முட்டை கட்டிக்கும். கை கால் விழுந்துரும்."

இதை யார் சொல்லிக் கொடுத்தது என்று எனக்குத் தெரியாதா? கூட ஒரு நாள் கூத்தடிக்க ஒரு சாக்கு. அவள் காதில் விழும்படியே சொன்னேன். அதற்கு அவள், "உங்களுக்குத் தெரியாத விஷயத்துல நேரம் பாக்காதீங்க அத்தை" என்றாள். என்னைப் பார்த்து. என் வீட்டில் நின்றுகொண்டு.

3-3, சனி
பௌர்ணமி. வேங்கிக்கால் வரைக்கும் பஸ் நிற்கிறது. கிரிவலம் போகவில்லை. அவள் சொன்னதே காதில் ஓடுகிறது.

6-3, செவ்வாய்
கிளம்பினார்கள். ஓவியா காலில் விழுந்தாள். நல்லா இரு என்றேன். வாய்தானே.

10-3, சனி
போர்ட் பிளேருக்குத் திரும்பிவிட்டதாக இனியன் போன் செய்தான். "இன்னைக்கு ஓவியா எனக்குச் சமமா ஆழம் வந்தாம்மா." ஒரே பெருமை. நான் குரலை இறக்கினேன். நெஞ்சு அடைக்குதுடா, காலைலயே வந்துடு என்றேன். அழுகையும் வந்தது. கஷ்டமாகவே இல்லை.

பக்கத்தில் அவள் குரல் கேட்டது: "நாளைக்கு ஏறக்கூடாதுங்க. பக்கத்து வீட்டு சரசு அக்காவ விட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொல்லுங்க." மாமியார் சாகக் கிடந்தாலும் மகனை விடமாட்டாள். சரசு வந்தாள். வலி குறைஞ்சிடுச்சு, ஆஸ்பத்திரி வேணாம், என் பிள்ளை வந்தா போதும் என்று அவள் எதிரில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்தேன்.

மறுபடி போன். ஞாயிறு விமானத்தில் ஒரே ஒரு இடம்தான் கிடைத்ததாம். அவன் மட்டும் வருகிறான். அவளும் சாமானும் திங்கட்கிழமை. அந்த ராகு காலம் அவளுக்கே இருக்கட்டும். நன்றாகத் தூக்கம் வருகிறது.

11-3, ஞாயிறு
அவனை அழைத்து வரக் காரோடு போன கடைப் பையன் விமல்ராஜ் சென்னையிலிருந்து பேசினான். "அம்மா, அண்ணன் எழுந்து நிக்க முடியலன்றாரு. கால் இருக்கறதே தெரியலயாம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போறேன்."

என்ன சொல்கிறான் இவன்? நேரம் நல்ல நேரம். நான் பார்த்த நேரம் —

12-3, திங்கள்
ஓவியா வந்து சேர்ந்தாள். அவனோடு அதே தண்ணீரில் முங்கியவள், ராகு காலத்தில் ஏறி, இரண்டு காலில் நடந்து ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு வந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நெஞ்சு வலி எப்படி இருக்கு அத்தை?" என்றாள். சரசு சொல்லியிருப்பாள்.

19-3, திங்கள்
இப்போது கையும் விழுந்துவிட்டது. பெரிய இரும்பு உருளைக்குள் படுக்க வைத்துக் காற்றை ஏற்றுகிறார்கள். ஒரு நாள் பொறுத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது என்கிறார் டாக்டர். அவருக்கு என்ன தெரியும்? ஞாயிற்றுக்கிழமை வந்ததால் உயிராவது மிஞ்சியது. ராகு காலத்தில் ஏறியிருந்தால் பிணமாக இறக்கியிருப்பார்கள். அப்படித்தானே? அப்படித்தான்.

2-8, வியாழன்
கடையை இப்போது ஓவியா நடத்துகிறாள். இன்று கடை வழியாகப் போன சரசு வந்து சொன்னாள். யாரோ டிக்கெட்டுக்கு நல்ல நேரம் கேட்டார்களாம். "எங்க அத்தைகிட்ட கேளுங்க. எங்க வீட்டுக்காரருக்கும் அவங்கதான் பாத்தாங்க" என்றாளாம். நாலு பேர் எதிரில். அதற்கப்புறம் கேட்டவர் இங்கே வரவில்லை.

பகலெல்லாம் நானும் என் பிள்ளையும்தான். இனி எங்கே போய்விடப் போகிறான்? குளிப்பாட்டுவது, ஊட்டுவது எல்லாம் நான். முதுகு புண்ணாகாமல் அடிக்கடி புரட்டி விட வேண்டும், தானாகப் புரள முடியாது. மாசக்கணக்கில் என்னோடு பேச்சில்லை.

இன்று மதியம் "அம்மா" என்றான். சோற்றுக்கையோடு ஓடினேன்.

"செவுத்துப் பக்கம் திருப்பி விடு."

"ஏன்டா கண்ணு, வலிக்குதா?"

"இந்தப் பக்கம் படுத்தா நீ தெரியற."

கையைக் கழுவிக்கொண்டு வந்தேன். திருப்பி விட்டுத் தலையணையைச் சரி செய்தேன்.