ஒரே கூரைக்கு ஒப்பாதவளுக்கு

பொகவந்தலாவைப் பாடசாலை ஒன்றிலிருந்து பழுது பார்க்க வந்த கணினியை இன்று காலை திறந்தேன். மழைக்காலம் முழுக்க ஈரம் குடித்துக் கிடந்த தூசி, மின்சாரம் பட்டதும் சூடேறி ஒரு வாசனை விடுமே, அது முகத்தில் அடித்தது. ஹட்டன் கடையின் பின்னறையில் நீயும் நானும் அந்த வாசனைக்குள்தான் குடியிருந்தோம். நான் மூக்கைப் பொத்திக்கொள்வேன். "உன் மூக்குத்தான் பூஞ்சணம் புடிச்சுக் கெடக்கு. சும்மா கம்பியூட்டர் மேல பழி போடாத" என்பாய்.

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடியது. "பெரட்டு தொடங்குது." பிறகு ஒவ்வொரு பேராக வந்தது. கடைசியில் "எல்லாரும் வந்தாச்சு" என்று நின்றது. நீ எழுதிய வரிகள். நீ போன பிறகு ஒரு மழைக்காலமே கழிந்துவிட்டது. எல்லாரும் வந்தாச்சு என்று அந்தத் திரை சொன்னபோது நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கணினியோடு வந்திருந்த டீச்சர் தூசி என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

உன்னிடம் சொல்லவேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. சுற்றி வளைக்காமல் சொல்கிறேன், உனக்கும் அதுதான் பிடிக்கும். உன் பெரட்டு நிரலை எடுத்துவிடும்படி கேட்டுச் சந்திரகுமார் எழுதியிருக்கிறான். தலவாக்கலையில் படிப்பிக்கிறவன், நீ போன பிறகு உன் நிரல் தொகுப்பைக் கட்டிக் காத்தவன் அவன்தான். நாம் எந்த இயங்குதளத்தின்மேல் கட்டினோமோ அந்தப் பெரிய திட்டத்துக்காரர்கள், பழைய முறையில் கணினியைத் தொடங்கி வைக்கும் நிரல்களை இனிமேல் தாங்கமாட்டோம் என்று அறிவித்துவிட்டார்கள். அடுத்த பதிப்பில் உன்னுடையது ஓடாது. "அக்கா, இது உங்க ரெண்டு பேர் பேர்லயும் இருக்கு. அந்தக்கா இல்ல. நீங்க ஒரு வார்த்த சொன்னாத்தான் கைய வைப்பேன்" என்கிறான். வாரக் கடைசிக்குள் சொல்லவேண்டும்.

அந்தப் பேரை நீ கண்டுபிடித்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தோட்டப் பாடசாலைகளுக்கு யார் யாரோ கொடுத்த பழைய கணினிகளில், காசில்லாமல் கிடைக்கும் இயங்குதளத்தைத் தமிழில் போட்டுக் கொடுப்பது என்று இறங்கியிருந்தோம். கணினி விழித்ததும் முதலில் எழும்புகிற நிரல் ஒன்று உண்டு. அதுதான் மற்ற நிரல்களை ஒவ்வொன்றாக எழுப்பி, நீ கடிகாரத்தைப் பார், நீ வலையமைப்பைப் பார், நீ அச்சுப்பொறியைப் பார் என்று வேலைக்கு அனுப்பும். அதற்குத் தமிழில் என்ன பேர் வைப்பது என்று நான் அகராதியைப் புரட்டிக்கொண்டிருந்தேன். நீ சிரித்தாய். "என்னா புள்ள தேடுற? தோட்டத்துல காலங்காத்தால பேர் கூப்புட்டு, நீ இந்த மலைக்குப் போ, நீ அந்த மலைக்குப் போன்னு அனுப்புறதுக்கு நம்மகிட்டப் பேர் இல்லியா? பெரட்டுன்னு போடு."

நம் மின்மடற்குழுவில் வெளிநாட்டிலிருந்து ஒருவர், இது தமிழே இல்லை, 'தொடக்கி' என்று வையுங்கள் என்று எழுதினார். நீ எழுதிய பதில் எனக்கு மனப்பாடம். "எங்கம்மா பாதி ஆயுசு பெரட்டுக் களத்துல நின்னவங்க. அது தமிழ் இல்லன்னா எங்கம்மா பேசுனது என்னா பாஷைன்னு சொல்லுங்க."

பெரட்டோடு நீ நிறுத்தவும் இல்லை. எழும்பாத நிரலுக்கு "வரல". பாதி எழும்பி நின்றுவிட்டதற்கு, அரைநாள் வேலைக்குத் தோட்டத்தில் சொல்கிறதையே எடுத்து "அரைப்பேர்" என்று போட்டாய். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகிப் படிப்பிக்க வந்த சேர் ஒருவர் பதறிப்போய்த் தொலைபேசியில் கூப்பிட்டார். "பிள்ளை, பிரிண்டரின்ர பெயர் அரைவாசிதான் விழுந்திருக்கு. மிச்சப் பெயரை நான் எங்கை அடிக்கிறது?" நீ வாயைப் பொத்திக்கொண்டு என்னிடம் தொலைபேசியைத் தள்ளினாய். நான் அவருக்குத் தோட்டத்துச் சம்பளக் கணக்கு முழுவதையும் விளக்கவேண்டி வந்தது. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப அதை முழுப்பேர் ஆக்கிறது எப்பிடி?" என்றார். அன்று நீ சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

அதன் பிறகுதான் அந்தச் சண்டை வந்தது. தொடங்கி வைப்பது, நடந்ததைக் குறித்து வைப்பது, வலையமைப்பு, ஆளை உள்ளே விடுவது, கடிகாரம் என்று தனித்தனியாக இருந்த பாகங்களை எல்லாம் ஒரே பெரிய தொகுதியாக்கினார்கள் அந்தப் பெரிய திட்டத்தார். உலகம் முழுக்க ஆளுக்கொரு பக்கம் நின்று திட்டிக்கொண்டார்கள். எங்கேயோ நடந்த சண்டை ஹட்டன் பசாரில் ஒரு சின்னக் கடையின் பின்னறைக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொண்டது.

அதை நம் தொகுப்பிலும் சேர்க்கலாம் என்றேன் நான். நீ முடியவே முடியாது என்றாய். காரணம் கேட்டபோது நீ கணினியைப் பற்றிப் பேசவில்லை, தோட்டத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய உன் லயத்து வீடுகளைப் பற்றிப் பேசினாய். நீ சிறுபிள்ளையாக இருந்தபோது ஒரு காம்பராவில் அடுப்பிலிருந்து தீப்பிடித்தது. கூரை முழு லயத்துக்கும் ஒன்று, கூரையைத் தாங்கிய மரமும் ஒன்று. ஒரு வீட்டுத் தீ எல்லா வீட்டுக்கும் ஓடியது. பள்ளிச் சீருடை கூட மிஞ்சவில்லை என்றாய். "ஒரே கூரைக்குக் கீழ எல்லாத்தையும் வைக்காதன்னு எனக்கு யாரும் பொஸ்தகத்துல சொல்லித் தரல. நான் பாத்துருக்கேன். அதுவும் நடந்தத எழுதி வைக்கிற கணக்கையும் அதுக்குள்ளயே, அதுக்கு மட்டும் வெளங்குற எழுத்துல வச்சுக்குதாம். அது விழுந்துச்சுன்னா ஏன் விழுந்துச்சுன்னு டீச்சர் எதப் பாத்துப் படிப்பாங்க? எல்லாத்தயும் ஒரு தோட்டத் தொர கையில குடுக்கச் சொல்ற நீ."

நானும் லயத்தில் பிறந்தவள்தானே, விட்டுவிடுவேனா? "இப்ப தனி வீடு கட்டிக் குடுத்தாங்களே, பாத்தியா? தண்ணிக் கொழாய் யாரு போடுறதுன்னு கேட்டா ஒவ்வொருத்தரும் அடுத்த ஆளக் கை காட்டுறாங்க. நம்ம பாகங்களும் அப்புடித்தான். ஒண்ண ஒருத்தன் மாத்துனா இன்னொண்ணு படுத்துக்குது. எழுதுனவன் எங்க இருக்கான்னே தெரியல. தெனம் டீச்சர்மாருக்குப் பதில் சொல்றது நீயும் நானுந்தான்." என் வாதம் இப்போதும் அதுதான். உன் பெரட்டில் ஒரு நிரல் பிந்தினால் பின்னால் நின்ற அத்தனையும் காத்து நிற்கும். அந்தப் பழைய இயந்திரங்கள் எழும்புவதற்குள் பிள்ளைகளின் பாட நேரத்தில் பாதி போய்விடும். புதிய தொகுதி எந்த நிரலுக்கு எது முன்னால் வேண்டும் என்று அறிந்து, மற்றவற்றை ஒன்றாக அனுப்பியது. நான் சொன்னது சரி என்று இன்றைக்கும் அடித்துச் சொல்வேன். ஆனால் உன் தீயை மட்டும் அந்த வாதத்தால் அணைக்க முடியவில்லை.

கடைசியில் பிரிந்தோம். தொகுப்பு இரண்டானது. பொகவந்தலாவைப் பக்கத்துப் பாடசாலைகள் உன்னுடையதை வைத்துக்கொண்டன, டிக்கோயாப் பக்கம் என்னுடையது. பஸ் நிலையத்தில் எதிரெதிரே நின்றால் நீ பலகையைப் படிப்பாய், நான் என் பையைத் துழாவுவேன். இருவரும் பேசுவதில்லை என்று ஊருக்கே தெரிந்தது. ஏன் என்றுதான் யாருக்கும் விளங்கவில்லை. "கம்பியூட்டருக்குள்ள எதயோ சேக்குறதா வேணாமான்னு சண்டையாம்" என்று என் வீட்டுக்காரர் சொன்னதை அம்மா நம்பவே இல்லை. "பொய் சொல்லாதடி, என்னா வெவகாரம்?" என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்கள். எவ்வளவு அற்பமான காரியம் என்று இப்போது சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது அற்பமாகப் படவில்லை. நாம் இருவரும் மனதார நம்பிய ஒரே வேலை அது. அதனால்தான் அப்படி வலித்தது.

உனக்கு முடியவில்லை என்று கேள்விப்பட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தேன். கட்டிலில் பாதியாகிப் போயிருந்தாய். என்ன பேசுவது என்று தெரியாமல் தோடம்பழத்தை உரித்துக்கொண்டிருந்தேன். நீதான் முதலில் வாயைத் திறந்தாய். "உன்னோடது ஓடுதா?" "ஓடுது. உன்னோடது?" "சூப்பரா ஓடுது." அவ்வளவுதான், தொடங்கிவிட்டோம். நீ எழும்பி உட்கார்ந்துவிட்டாய். கூரை, தீ, தண்ணீர்க் குழாய், தொரை, எல்லாம் பழையபடி வந்தன. சத்தம் கேட்டுத் தாதி மிஸ் வந்து, "நோயாளியோட சண்டை போடுறீங்களே, நீங்க யாரு?" என்று என்னைக் கேட்டார். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "இவ என் எதிரி மிஸ். இருக்கட்டும்" என்றாய்.

அதற்குப் பிறகு நான் ஒவ்வொரு வாரமும் வந்தேன். நீ எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. நானும் உன் நோயைப் பார்த்து இரங்கி எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. அப்படி ஒப்புக்கொண்டிருந்தால் நீ என்னை மன்னித்திருக்க மாட்டாய். ஒரு நாள் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாய்: "சேக்கறதுன்னா சேத்துக்க. ஆனா என்னா நடந்துச்சுன்னு கண்ணால படிக்கிற மாதிரி ஒண்ணு வெளிய இருக்கட்டும்." நான் அப்போதும், அது இரட்டை வேலை என்றுதான் சொன்னேன்.

இன்று மாலை சந்திரகுமாரைக் கூப்பிட்டேன். எடுத்துவிடு தம்பி என்றேன். அவன், சரிக்கா, ரெண்டு தொகுப்பையும் ஒண்ணாக்கிடுறேன், எல்லாம் அந்தப் பெரிய தொகுதியே பாத்துக்கும் என்றான். நான் வென்றுவிட்டேன், பார்த்தாயா? எத்தனை நாள் காத்திருந்த வெற்றி. உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாத வெற்றியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்று தெரியவில்லை.

தொலைபேசியை வைக்கப் போனவனை நிறுத்தினேன். நடந்ததைக் குறிக்கிற கணக்கை மட்டும் அதுக்குள்ள விடாத, வெளிய தனிக் கோப்பா, எந்த டீச்சரும் தொறந்து படிக்கிற எழுத்துல வை என்றேன். எதுக்குக்கா, அது ரெட்டை வேலை ஆச்சே என்றான். ரெட்டை வேலைன்னா செய், அது விழுந்தா ஏன் விழுந்துச்சுன்னு அவங்க எதப் பாத்துப் படிப்பாங்க என்று சத்தம் போட்டேன். கடிகாரத்தையும் தனியே வை என்றேன். ஒண்ணு எரிஞ்சா மத்தது நிக்கணும் என்றேன். ஒவ்வொன்றுக்கும் அவன் மறுத்தான், ஒவ்வொன்றுக்கும் நான் விடாமல் மல்லுக்கு நின்றேன்.

கடைசியில் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்னாக்கா இது? நீங்க எப்ப அந்தக்கா கட்சிக்கு மாறுனீங்க?"

"நான் மாறல தம்பி" என்றேன். "அவ இல்லல்ல. அந்தப் பக்கம் நின்னு பேச ஒரு ஆள் வேணும்ல."