ஆணியில் இல்லாத பேட்ஜ்

பிப்ரவரி 9, ஞாயிறு

நாளை மம்மிக்குத் தைராய்டு சிகிச்சை. நான் நியூக்ளியர் ரேடியாலஜி ஃபெல்லோஷிப் செய்யும் அதே துறையில். கதிரியக்க அயோடின் குடித்த பிறகு ஒரு வாரம் தனி அறை, தனித் தட்டு. எங்கள் கோரமண்டல் சுரங்கக் குடியிருப்பு வீட்டில் இருப்பதோ ஒரே பாத்ரூம். அதனால் தினமும் ரயிலில் பெங்களூர் ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் நான், இந்த வாரம் அங்கேயே, கூடப் படிக்கும் வின்னியின் அறையில்.

"என்னை ஊட்ட விட்டுத் தொரத்துறியா?" என்றேன்.

"நீதான டாக்டரு, நீதான ரூல்ஸ் போட்ட," என்று சிரித்தாள் மம்மி.

பிப்ரவரி 10

என் பேட்ஜை வீட்டிலேயே விட்டுவிட்டேன், கோட்டோடு. உடம்பில் எவ்வளவு கதிர்வீச்சு பட்டது என்று கணக்கு வைக்கும் பேட்ஜ். ஆஸ்பத்திரிப் பலகையில் மாட்டிவிட்டு வரவேண்டியதை வீட்டுக்குக் கொண்டுபோனதே தப்பு. யாரிடமும் சொல்லவில்லை. ஃபெல்லோஷிப் முடிய ஐந்து மாதம். இதற்காகவா பேச்சு வாங்குவது?

வின்னியின் பழைய கோட்டில், பேட்ஜ் இல்லாமலே வேலை.

பிப்ரவரி 13

மம்மி அறைக்கு வெளியே பாய் போட்டிருப்பதாக டாடி போனில் சொன்னார். "ஆறடி தள்ளித்தான் படுக்கறேன். டேப் வச்சி அளந்துட்டேன்."

உள்ளிருந்து மம்மியின் குரல்: "கொறட்டைக்கு ஆறடி பத்தலன்னு சொல்லுடி!"

பிப்ரவரி 16

வீடு. பேட்ஜைத் துடைத்துக் கையில் கொடுத்தார் டாடி. மம்மி மீன் குழம்பு வைத்திருக்கிறாள்.

மே 6

என் பேட்ஜின் மூன்று மாதக் கணக்கு வந்தது. பதினெட்டு மில்லிசீவர்ட். எங்கள் துறையில் ஒன்றைத் தாண்டுவதே அபூர்வம். பாதுகாப்பு அதிகாரி மஞ்சுநாத் சார் முகம் பார்த்துப் பேசவில்லை. விசாரணை முடியும்வரை உள்ளே வரக்கூடாது. ரத்தப் பரிசோதனை வேறு.

எங்கே பட்டது? எப்போ? எனக்கு ஒண்ணும் தெரியலயே. பயமா இருக்கு.

மே 7

டாடியிடம் சொன்னேன். "அந்த பேட்ஜ நான்தான் உங்கம்மாவுக்குக் குத்திவிட்டேன்," என்றார்.

ஆறு நாளும் மம்மியின் கழுத்தோரம், நைட்டியில்.

"அது கதிரைத் தடுக்காது டாடி! எண்ணும், அவ்ளோதான்!"

"தடுக்கும்னு யாரு சொன்னா? எங்க டோக்கன் மட்டும் பாறைய தடுத்துச்சா?"

நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் பத்தொன்பது வருஷம் இருந்தவர். ஷிஃப்டுக்கு இறங்குகிறவன் தன் பித்தளை டோக்கனை ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டு போவான்; மேலே வந்ததும் திரும்ப மாட்டுவான். ஆணி வெறுமையாக இருந்தால் ஆள் இன்னும் கீழே என்று அர்த்தம்.

"அவ ஒண்டியா உள்ள கீறா. கணக்குல இல்லாதவளா இன்னா? அவ வெளிய வந்தப்புறம்தான் திரும்ப மாட்டினேன்." குரல் உடைந்தது. "உன் படிப்புக்கு ஒண்ணும் ஆவாதுல்லமா?"

கத்தணும்னு வந்துச்சு. அவர் தலையைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

மே 8

வின்னி சொல்கிறாள்: "மருந்து அறையில மறந்து வச்சிட்டேன்னு எழுதுடி. முடிஞ்சிடும்."

முடியும். ஆனால் அந்த அறைக்குப் பொறுப்பு ஏனோக் அண்ணன். அவர் வேலையில் கை வைப்பார்கள். உண்மையை எழுதினால், பேட்ஜ் இல்லாமல் ஆறு நாள் வேலை செய்தவள் நான். சான்றிதழே கிடைக்காமல் போகலாம்.

உண்மையைத்தான் எழுதினேன். ஒன்றரைப் பக்கம். ஆணியைப் பற்றியும்.

மே 15

ரத்தம் சுத்தம். மஞ்சுநாத் சார் என் கடிதத்தை இரண்டு முறை படித்தார். திட்டினார், நன்றாகவே. "ஃபெல்லோஷிப் மூணு மாசம் நீளும். எழுத்தில் எச்சரிக்கை." எழுந்தபோது கேட்டார்: "அம்மா இப்போ எப்படி இருக்காங்க?"

அக்டோபர் 31

கடைசி நாள். சான்றிதழை மம்மி வாட்ஸப்பில் பார்த்தாள்; ஃபோட்டோ கோணலாம்.

மாலையில் பேட்ஜைப் பலகையில் என் பதினான்காம் எண் ஆணியில் மாட்டினேன். மே மாதத்திலிருந்து தினமும் செய்வதுபோலவே வாசலில் நின்று போன் செய்தேன்.

"டாடி, மேல வந்துட்டேன்."

"சரிமா. ட்ரெயினப் புடி."